பாம்பன் மாடலில் பெரியவர் கேட்ட கேள்வி

பாம்பன் பழைய ரயில் பாலத்தில் கப்பல் போவதற்காகத் தூக்கும் நடுப்பகுதி, அதாவது ஷெர்சர் தூக்குப்பாலம், அதன் மாடலைக் கொடுத்து முடித்துப் பணமும் வந்துவிட்டது. கேட்டவர்களுக்கு முழுத் திருப்தி. பார்க்க வந்த எல்லோரும் குனிந்து துருவைத்தான் பார்த்தார்கள், சிலர் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார்கள். இந்தத் தொழிலில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. ஆனாலும் அந்தப் பெரியவர் கேட்டது மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

அவர் ரயில்வேயில் பால வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ராமநாதபுரத்துக்காரர். மாடலைச் சுற்றி மெதுவாக ஒரு நடை நடந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அப்புறம் என்னிடம், "தம்பி, இம்புட்டுத் துரு ஏறியிருந்தா நாங்க வண்டி விட்டிருப்போமா?" என்றார்.

"போட்டோல இப்படித்தாங்கய்யா இருக்கு" என்றேன்.

"எப்ப எடுத்த போட்டோ?"

"வண்டி நின்னதுக்கு அப்புறம் எடுத்தது."

"அதான்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. கோபமெல்லாம் இல்லை, வாட்டர் டேங்க் எங்கே இருக்கிறது என்று சொல்வது போலச் சொல்லிவிட்டு அடுத்த மாடலைப் பார்க்கப் போய்விட்டார்.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் துரு கண்டபடி பூசியது இல்லை. முதலில் கரும்பழுப்பு பிரைமர், அதன்மேல் ஸ்பாஞ்சால் மூன்று நான்கு விதமான பழுப்பு, ஆரஞ்சு. அது காய்ந்ததும் ஹேர்ஸ்ப்ரே, அதன்மேல் அக்ரிலிக்கில் அலுமினிய நிறம். பிறகு ஈரப் பிரஷால் தேய்த்தால் அடியில் இருக்கும் ஹேர்ஸ்ப்ரே கரைந்து மேல்பூச்சு செதில் செதிலாகப் பெயர்ந்து வரும். நிஜத்தில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். இரும்பு துருவாக மாறும்போது பருத்துவிடும், பருத்த துரு பெயின்ட்டை அடியிலிருந்து தூக்கி உடைக்கும். உப்புத்தூள் தூவி, அதன்மேல் பெயின்ட் அடித்து, பிறகு உப்பை உதிர்த்து எடுக்கும் முறையும் இருக்கிறது, ஆனால் நூற்றில் ஒரு பங்கு அளவில் அது எனக்குச் சரிப்படவில்லை. அரை மில்லிமீட்டர் உப்புக்கல் நிஜப் பாலத்தில் ஐந்து சென்டிமீட்டர் ஓட்டையாகிவிடும். ஒழுகின கறைகளுக்கு ஆயில் பெயின்ட்டில் பர்ன்ட் சியன்னா. அந்த நிறமே இரும்பு ஆக்சைடு கலந்த மண்ணை வறுத்து எடுப்பதுதான், அதனால் துருவைத் துருவாலேயே வரைகிறோம் என்று சொன்னாலும் தப்பில்லை. ரிவிட் தலை, கர்டர் என்கிற இரும்பு விட்டத்தின் மூலை, தண்ணீர் தேங்கும் கிடைத்தட்டு, இந்த இடங்களில் மட்டும்தான் கறையைத் தொடங்கி, பெயின்ட்டைக் கரைக்கும் தின்னர் தொட்ட பிரஷால் கீழ்நோக்கி இழுத்தேன். ஒவ்வொரு கறைக்கும் அது எங்கிருந்து ஒழுகுகிறது என்ற காரணம் உண்டு.

வேலை கொடுத்தவர்கள் கேட்டதும் அதைத்தான். "பழசா, கடல்ல நின்ன மாதிரி தெரியணும்" என்றார்கள். பாம்பன் காற்றில் வரும் உப்பு இரும்பை எந்த அளவுக்குத் தின்னும் என்பது எல்லோருக்கும் தெரியும். 1914-ல் திறந்த பாலம் அது. நூறு வருஷத்துக்குமேல் உப்புக்காற்றில் நின்ற இரும்பைப் பளபளவென்று காட்டினால் அது பொய் இல்லையா?

இந்த இடத்துக்கு வந்ததும் பெரியவர் சொன்ன "அதான்" குறுக்கே வந்துவிடுகிறது. நூறு வருஷத்துக்குமேல் நின்றது என்றால் எப்படி நின்றது? சுரண்டி, துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, அதன்மேல் அலுமினியம் அடித்து, அடித்து முடிப்பதற்குள் ஆரம்பித்த முனையில் மறுபடி துரு எட்டிப் பார்க்க, திரும்பவும் அங்கே போய் நின்றவர்களால் நின்றது. 1964 டிசம்பர் புயலில் கர்டர்கள் கடலுக்குள் போனபோது, கிடைத்தவற்றைத் தேடி எடுத்து மாட்டி, ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் மேற்பார்வையில் 46 நாளில் வண்டி ஓடியது என்று நாம் எல்லோரும் சொல்லிக்கொள்கிறோம். அந்த 46 நாளுக்கு அப்புறம் வந்த அறுபது வருஷப் பராமரிப்பைப் பற்றி யார் பேசுகிறார்கள்? என் மாடலும் பேசவில்லை. அதைப் பார்த்தால் கவனிப்பார் இல்லாமல் கிடந்த பாலம் போலத் தெரிகிறது. துரு விழுந்த இடங்கள் எல்லாம் சரியாக இருந்தும் அப்படித் தெரிகிறது, அதுதான் உறுத்துகிறது.

ஆனால் இதுவும் முழு நியாயம் இல்லை என்று அடுத்த நிமிஷமே தோன்றும். 2022 டிசம்பரில் வண்டி நின்றது. அதற்குப் பின் எடுத்த படங்கள் பொய்யில்லை, அந்தத் துருவும் பொய்யில்லை. மாடலின் அடிப்பலகையில் '1914–2022' என்று போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இதில் எந்த வருஷத்தை நான் காட்ட வேண்டும்? பழைய பாலத்தை நினைவுக்காகச் செய்கிறோம், 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப்பாலம் திறந்தாயிற்று, அதனால் பழையது பழையதாகத் தெரிவதில் என்ன குறை? பெரியவர் தன் கையால் செய்த வேலையைத் தேடினார், நான் இரும்பைச் செய்திருந்தேன். இரண்டுமே அந்தப் பாலம்தான் என்று சொல்லிச் சமாதானம் செய்துகொள்ளப் பார்க்கிறேன். முழுதாக ஆகவில்லை.

சரி, அப்போது வேறு எப்படித்தான் காட்டுவது என்று பழைய படங்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன், வண்டி ஓடிய காலத்துப் படங்கள். பார்த்தால் வெள்ளி நிறம் ஒரே மாதிரி இல்லை. ஒரு கர்டரில் பாதி மங்கல், பாதி புதுப்பளபளப்பு. மூலைகளில் சதுரம் சதுரமாகத் தொட்டு அடித்த திட்டுகள். துரு அங்கங்கே கொஞ்சம் இருக்கிறது, அதன் பக்கத்திலேயே அதைச் சுரண்டி அடித்த இடமும் இருக்கிறது. எனக்கு இதுதான் சரியான விடையாகப் பட்டது. மிச்சமிருந்த ஒரு கர்டர் துண்டில் செய்து பார்த்தேன். மூன்று விதமான அலுமினிய நிறம், ஒன்றுக்கு மேட் வார்னிஷ், ஒன்றுக்குக் கொஞ்சம் மினுமினுப்பு, திட்டுகளின் ஓரத்தில் ரெட் ஆக்சைடு ஒரு நூல் அளவு எட்டிப் பார்க்கிற மாதிரி. துருவைவிட இது கஷ்டமான வேலை. துருவில் கை தவறினாலும் துருவாகிவிடும், இதில் ஆகாது.

பட்டறையில் என்னோடு வேலை செய்யும் பையன் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதுல பெயின்ட் சரியாப் பிடிக்கலையா? திட்டுத் திட்டா இருக்கு" என்றான்.

பக்கத்தில் உட்கார வைத்துப் படங்களைக் காட்டி நெடுநேரம் விளக்கினேன், அவனுக்கும் புரிந்தது, நன்றாக இருக்கிறது என்றான். ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் மாடலுக்குப் பக்கத்தில் நான் நின்று விளக்க முடியாது. வேலை கொடுப்பவர் அதைப் பார்த்தால் பையன் கேட்டதையேதான் கேட்பார், திருப்பி அனுப்பினாலும் ஆச்சரியமில்லை. பெரியவர் பார்த்தால் என்ன சொல்வார் என்று தெரிந்துகொள்ள ஆசை, அவர் நம்பரை அன்றைக்கு வாங்கி வைக்கத் தோன்றவில்லை. அடுத்து ஒரு பழைய சரக்கு வேகன் வேலை வந்திருக்கிறது, "நல்லாத் துரு வெச்சிடுங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த வேகன் ஓடிய காலத்தைக் காட்டவா, நின்ற காலத்தைக் காட்டவா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை, பிரைமர் மட்டும் அடித்து வைத்திருக்கிறேன்.