மாநகரத்துக்கு எதற்கு முன்னோடி வங்கி?

1969 டிசம்பரில் ரிசர்வ் வங்கி முன்னோடி வங்கித் திட்டத்தைத் தொடங்கியபோது பெருநகரங்களைச் சேர்க்கவில்லை. தெருவுக்குத் தெரு வங்கி இருக்கிற ஊருக்கு இது எதற்கு என்ற எண்ணம்தான். சென்னை, மும்பை, கொல்கத்தா, டெல்லியெல்லாம் உள்ளே வர 2013 ஆனது.

திட்டம் இதுதான்: கடன் கொடுப்பதில் மற்ற வங்கிகளை ஒருங்கிணைக்க மாவட்டத்துக்கு ஒரு வங்கி. அது ஒரு முன்னோடி வங்கி மேலாளரை அமர்த்தும். அவர் ஆண்டுக் கடன் திட்டம் தயாரித்து, இலக்கை வங்கிவாரியாகப் பிரிப்பார். கலெக்டர் தலைமையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும் ஆலோசனைக் குழுவில் கணக்குக் கேட்பார். மற்ற வங்கி மேலாளர்களை அதட்ட அவருக்கு அதிகாரம் கிடையாது. கையில் இருப்பது கலெக்டரின் நாற்காலியும் கூட்டக் குறிப்பும்தான்.

கிராமப்புறத்துக்குச் செய்த அளவுகோல் நகரத்தில் வேலை செய்யாது. கடன்–வைப்பு விகிதம் (வாங்கிய வைப்புத் தொகையில் எவ்வளவு கடனாகப் போனது என்ற கணக்கு) 40 சதவீதத்துக்குக் கீழே போனால் மாவட்டத்தில் தனித் துணைக்குழு போட வேண்டும். பெருநகரத்தில் அந்த மணி அடிக்காது. பெரிய கம்பெனிக் கடன்கள் அங்குள்ள கிளைகளில்தான் பதிவாகின்றன. 100 கோடி ரூபாய்க் கடன் ஒன்று, தலைக்குப் பத்தாயிரம் வீதம் ஒரு லட்சம் தள்ளுவண்டிக்காரர்களுக்குக் கொடுத்ததற்குச் சமமாக விகிதத்தில் ஏறிவிடும். அதனால் நகரத்தில் ரூபாயைப் பார்க்காதீர்கள், கடன் கணக்குகளின் எண்ணிக்கையைக் கேளுங்கள்.

அடுத்த சிக்கல், யாருக்கு எந்தத் தெரு? நகரத்தில் ஒன்றியமும் இல்லை, ஒன்றிய அளவிலான வங்கியாளர் குழுவும் இல்லை. சென்னை மாநகராட்சியின் 200 வார்டுகளையும் கிளைகளுக்குப் பிரித்து எழுதிவைத்தால் ஒழிய, கடன் விண்ணப்பம் எல்லாருக்கும் பொதுவாகி யாருக்கும் சொந்தமில்லாமல் போகும். பெரும்பாக்கம் குடியிருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை ஆற்றங்கரையோரங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோய் வைக்கப்பட்டவர்களின் வீடு செங்கல்பட்டு மாவட்டத்தில். கடையைப் பழைய இடத்திலேயே போடுகிறவர்களுக்கு வியாபாரம் சென்னையில். இரண்டு மாவட்டமும் கைகாட்டிக்கொள்ளும். ஆனால் தெருவோர வியாபாரிகளுக்கான பிரதமர் ஸ்வநிதி கடன் திட்டத்தில், நகர எல்லைக்குள் விற்கும் வெளியூர்க்காரருக்கும் கடன் உண்டு. ஆக வண்டி நிற்கும் வார்டுக்குரிய கிளைதான் பொறுப்பு. முகவரியைக் காரணம் காட்டிக் கணக்குத் தொடங்க மறுப்பதும் செல்லாது. ஆதார் வழி கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) செய்யும்போது, இப்போதைய முகவரி வேறாக இருந்தால் சுய உறுதிமொழி போதும்.

ஸ்வநிதியில் முதல் தவணைக் கடன் இப்போது 15,000 ரூபாய் வரை, ஒழுங்காகக் கட்டினால் அடுத்து 25,000, பிறகு 50,000. 7 சதவீத வட்டி மானியம் வேறு. எதிரே நிற்பது தண்டல்: பத்தாயிரம் என்று எழுதி எட்டாயிரத்து ஐந்நூறைக் கையில் கொடுத்து, தினம் நூறு வீதம் நூறு நாள் வசூலிப்பார்கள் என்று வையுங்கள். கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டும். ஆனாலும் தண்டல்காரர் வண்டிக்கே வருகிறார், ஆவணம் கேட்பதில்லை.

விண்ணப்பம் தடுக்கி விழும் இடங்கள் பெரும்பாலும் சில்லறையானவை. ஆதாரில் பழைய மொபைல் எண், அதனால் ஓடிபி வராது. ஆதாரில் இனிஷியல் முன்னால், பாஸ்புக்கில் பின்னால். பழைய சுயஉதவிக் குழுக் கடன் ஒன்று பெயரில் நிற்கும். 'விண்ணப்பதாரருக்கு விருப்பமில்லை' என்று திரும்பி வருவதை மட்டும் நம்பாதீர்கள், போன் போட்டுக் கேளுங்கள்.

ஆலோசனைக் குழுக் கூட்டத்துக்குக் கிளைவாரியாக ஒரு பக்கம் போதும்: வந்தது, அனுமதித்தது, பட்டுவாடா ஆனது, திருப்பியது, காரணம். அனுமதிக்கும் பட்டுவாடாவுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை முதலில் பாருங்கள். கையெழுத்துப் போட ஆள் வரவில்லை என்பார்கள். விடியற்காலையில் கோயம்பேட்டுக்குப் போய்விட்டு மதியம் வரை காய் விற்கிறவர் பதினொரு மணிக்கு எப்படி வருவார்? கையெழுத்து வாங்கும் முகாமைப் பிற்பகல் இரண்டு மணிக்கு, மார்க்கெட் பக்கத்திலேயே வையுங்கள்.