ஒரு துளி இரத்தமும் நேற்றுப் பிறந்த சிவப்பணுக்களும்

கடந்த ஆறு வாரங்களாக என் விரல்நுனியில் எடுத்த இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்து வருகிறேன். இரத்த அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் உருவாகின்றன என்று பள்ளியிலேயே படித்திருந்தாலும், மஜ்ஜையை வீட்டில் வைத்துப் பார்க்க வழியில்லை என்பதால், அங்கே நடக்கும் உற்பத்தியின் தடயம் ஏதேனும் விரல்நுனித் துளியில் அகப்படுமா என்ற கேள்வியோடு இதைத் தொடங்கினேன். ஒவ்வொரு முறையும் கிருமிநீக்கம் செய்த புதிய ஊசியையே பயன்படுத்தினேன். வேறு எவருடைய இரத்தத்தையும் எடுக்கவில்லை.

முதல் வாரத்தில் சாயம் எதுவும் இல்லாமல், துளியை அப்படியே கண்ணாடிச் சில்லில் வைத்து மூடிப் பார்த்தேன். தனித்தனியாகப் பார்த்தால் சிவப்பணுக்கள் சிவப்பாக இல்லை. வெளிர் மஞ்சள் வட்டுகளாக, நடுவில் குழிந்து, நாணயங்களை அடுக்கியது போல ஒன்றின்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. ஒவ்வொன்றின் விட்டமும் 7 முதல் 8 மைக்ரோமீட்டர்தான். உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் பூசிய நுண்குழாய் ஒன்றில் சிறிது இரத்தத்தை ஏற்றி, அடியை மெழுகால் அடைத்து, இரவு முழுவதும் நிமிர்த்தி வைத்ததில், காலையில் மேலே வெளிர் மஞ்சளாகப் பிளாஸ்மா என்ற திரவப் பகுதி தெளிந்திருந்தது. இரத்தத்தில் ஏறத்தாழ 55 சதவீதம் பிளாஸ்மா, அதிலும் 90 சதவீதத்துக்கு மேல் நீர் என்று படித்தது அப்போதுதான் கண்ணுக்குப் புலப்பட்டது. இரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் மைய விலக்குப் பொறி என்னிடம் இல்லாததால் சதவீதத்தை அளக்க முற்படவில்லை.

வெள்ளையணுக்களைப் பார்க்க இரத்தத்தை மெல்லியதாகப் பூசிச் சாயமேற்ற வேண்டும். என்னை அதிகம் சோதித்தது இந்தக் கட்டம்தான். முதல் ஏழு பூச்சுகள் தடித்துப்போயின. துளியைச் சிறிதாக்கி, பூசும் சில்லை இன்னும் சாய்த்துப் பிடித்து, தயங்காமல் ஒரே இழுப்பில் இழுத்த பிறகே, முனை மெலிந்த நாக்கு வடிவப் பூச்சு கிடைத்தது. அணுக்கள் ஒன்றையொன்று தொடாமல் பரவியிருப்பது அந்த மெலிந்த முனைக்குச் சற்று உள்ளேதான். அடுத்து, இரத்த அணுக்களை வேறுபடுத்திக் காட்டும் லீஷ்மன் சாயத்தை 2 நிமிடம் விட்டு, இரு மடங்கு நீர் சேர்த்து 10 நிமிடம் வைத்தபோது, எல்லாமே நீலமாக வந்தது. குழாய்த் தண்ணீரின் காரத்தன்மையே காரணமாக இருக்கும் என்று கருதி, அமில-காரத் தன்மையை மாறாமல் வைத்திருக்கும், பி.எச். 6.8 கொண்ட தாங்கல் கரைசலுக்கு மாறினேன். சிவப்பணுக்கள் இளஞ்சிவப்பாகவும் வெள்ளையணுக்களின் உட்கரு ஊதாவாகவும் தெளிந்தன. இந்த வேலையில் சாயத்தைவிட நீருக்கே முதலில் கவனம் தர வேண்டும் என்பது என் முடிவு.

எண்ணெய் விட்டுப் பார்க்கும் 100 மடங்கு லென்ஸில் நூறு வெள்ளையணுக்களை எண்ணினேன். அவற்றின் வகைகளில் நியூட்ரோஃபில் 58, லிம்ஃபோசைட் 33, மோனோசைட் 6, ஈசினோஃபில் 3 கிடைத்தன. பேசோஃபில் ஒன்றுகூட அகப்படவில்லை. அது நூற்றில் ஒன்றுக்கும் குறைவாகவே இருப்பது வழக்கம் என்பதால் வியப்பில்லை. ஈசினோஃபிலின் ஆரஞ்சு நிற மணிகளை முதன்முறை கண்டபோது வெகுநேரம் கண்ணை எடுக்க மனம் வரவில்லை. அணுக்களுக்கிடையே ஊதாப் புள்ளிகளாகச் சிதறிக் கிடந்த தட்டணுக்களோ முழு அணுக்களே அல்ல. மஜ்ஜையில் இருக்கும் மெகாகேரியோசைட் என்ற பெரிய அணுவிலிருந்து பிரிந்து வந்த துண்டுகள்.

இவ்வளவு பார்த்தும் என் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. மஜ்ஜையே இரத்தம் உருவாகும் இடம் என்று ஜெர்மானிய நோயியலாளர் எர்ன்ஸ்ட் நாய்மன் 1868இல் எழுதினார். ஒரே மூல அணுவிலிருந்து பல வகை இரத்த அணுக்கள் கிளைக்க முடியும் என்பதற்கு, கனடாவின் ஆய்வாளர்கள் டில், மெக்கல்லக் இருவரும் 1961இல் எலிகளைக் கொண்டு வெளியிட்ட ஆய்வு வழிகாட்டியது. சிவப்பணு ஆகப்போகும் அணு, சிறுநீரகம் சுரக்கும் எரித்ரோபொய்டின் என்ற ஹார்மோனின் தூண்டுதலால் பலமுறை பிரிந்து, ஹீமோகுளோபினை நிரப்பிக்கொண்டு, இறுதியில் தன் உட்கருவையே வெளியே தள்ளிவிடுகிறது. அதன் பிறகும் புரதம் தயாரித்த ஆர்.என்.ஏ.யின் மிச்சம் சில நாள்கள் உள்ளே தங்கியிருக்கும். அந்த மிச்சத்தோடு இரத்தத்துக்குள் வரும் இளம் அணுவே ரெட்டிகுலோசைட். நான் தேடிய தடயம் இதுதான் என்று ஐந்தாம் வாரத்தில் புரிந்தது.

லீஷ்மன் சாயத்தில் இதைப் பிரித்தறிவது கடினம். அணு காய்ந்து நிலைப்படுவதற்கு முன்பே சாயமேற்ற வேண்டும். ஆகவே சிட்ரேட் கலந்த நியூ மெத்திலீன் நீலக் கரைசலையும் இரத்தத்தையும் சம அளவில் கலந்து, 37 டிகிரி வெந்நீர் நிரப்பிய குடுவையில் 20 நிமிடம் வைத்து, பிறகு பூசினேன். பச்சை கலந்த வெளிர்நீல வட்டுகளுக்கிடையே ஒரே ஓர் அணுவுக்குள் அடர்நீல நூல்கள் கிழிந்த வலைபோலச் சுருண்டு கிடந்ததைக் கண்டேன். தூசியோ என்று குவியத்தை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தேன். நூல்கள் அணுவோடு சேர்ந்தே தெளிந்து, சேர்ந்தே மங்கின.

ஆறாம் வாரம் முழுவதும் எண்ணுவதற்கே சென்றது. முதல் சில்லில் ஆயிரம் சிவப்பணுக்களுக்கு 11 ரெட்டிகுலோசைட், இரண்டாவதில் 9. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள் என்பதால், ஆயிரம் அணுக்களில் நாளொன்றுக்கு எட்டு மறைந்து எட்டு புதிதாக வர வேண்டும். இளம் அணு இரத்தத்தில் வலையோடு இருப்பது சுமார் ஒரு நாள். எனவே எட்டுக்கு அருகில் எண்ணிக்கை அமைய வேண்டும், அமைந்தது. இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் இரண்டு மூன்று கூடுவதும் குறைவதும் இயல்புதான். உடலில் ஏறத்தாழ 25 லட்சம் கோடி சிவப்பணுக்கள் இருப்பதாகக் கொண்டால், இதே விகிதத்தில் நொடிக்கு 20 லட்சத்துக்கு மேல் புதிதாக வந்துகொண்டிருக்க வேண்டும். நான் எண்ணிய அந்த இருபதும் முந்தைய நாள் அளவில் மஜ்ஜையை விட்டு வந்தவை.