தொட்டியில் ஓராண்டுப் பூச்செடிகள்: விதை முதல் விதை வரை

பிப்ரவரி 3
ஜினியா, செண்டுமல்லி, பெட்டூனியா விதைப்பு. முதல் இரண்டுக்கும் அரை சென்டிமீட்டர் ஆழம் போதும். பெட்டூனியா விதை தூசு மாதிரி இருக்கும். முளைக்க வெளிச்சமும் கேட்கும். ஈரக் கலவைமேல் தூவி விரலால் லேசாக அழுத்தியதோடு சரி, மண் போட்டு மூடக் கூடாது. பூவாளியில் ஊற்றினால் விதையெல்லாம் ஓரத்தில் ஒதுங்கிவிடும். குழித்தட்டைத் தண்ணீரில் வைத்து அடியிலிருந்து ஊறவிடுவதே நல்லது. ஜினியாவை நேராகத் தொட்டியிலேயே விதைத்தாயிற்று. வேரை அசைத்தால் சுணங்கிவிடும்.

பிப்ரவரி 10
ஜினியாவும் செண்டுமல்லியும் முளைத்துவிட்டன. இந்த வயதில் நாற்று சாவது பெரும்பாலும் அதிகத் தண்ணீரால்தான். மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு மெலிந்து, நிறம் மாறி, சாய்ந்துவிடும். இது நாற்றழுகல். சாய்ந்தது பிழைக்காது. அதைச் சுற்றியுள்ள கலவையோடு எடுத்தெறிந்துவிட்டு, மேல்மண் காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர்.

பிப்ரவரி 26
செண்டுமல்லி நாற்றுகள் தொட்டிக்கு. கோகோபீட் (தென்னை நார்த்தூள்) 2 பங்கு, மண்புழு உரம் 1, செம்மண் 1. கோகோபீட்டில் உப்பு இருக்கும். இரண்டு முறை அலசிப் பிழிந்தே கலக்க வேண்டும். 8 அங்குலத் தொட்டிக்கு ஒரு செடி. (குட்டை ஜினியா என்றால் 12 அங்குலத்தில் மூன்று.)

வடிகால் என்று அடியில் கல் நிரப்புவது வேண்டாத வேலை. பொடி மண்ணிலிருந்து கல் அடுக்குக்குள் தண்ணீர் எளிதில் இறங்காது, கல்லுக்கு மேலேயே நிற்கும். அதனால் சொதசொத மண் வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடுகிறது. துளைமேல் வலைத்துண்டு ஒன்று போதும்.

நாற்றை மாற்றுவதில் தாமதம் கூடாது. ஓராண்டுச் செடியின் குறியெல்லாம் விதைதான். குழிக்குள் வேர் சுருண்டு நெருக்கடி வந்தால், வளர்வதை விட்டுவிட்டு விரல் உயரத்திலேயே பூத்துவிடும். அப்புறம் தேறுவது கடினம். பூவோடு நாற்று வாங்கினாலும் இதே கதைதான். மனசு வராது, ஆனாலும் அந்தப் பூக்களைக் கிள்ளிவிட்டுத்தான் நட வேண்டும்.

மார்ச் 9
ஜினியாவில் நான்கு ஜோடி இலை. மூன்றாவது ஜோடிக்குச் சற்று மேலே நுனியைக் கிள்ளியாயிற்று. நுனியில் சுரக்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன்தான் பக்க மொட்டுகளை அடக்கி வைக்கிறது. நுனி போனதும் ஒவ்வொரு இலைக் கக்கத்திலும் கிளை புறப்படும். முதல் பூ கொஞ்சம் தள்ளிப்போகும், பூக்களின் எண்ணிக்கை கூடும். கோழிக்கொண்டையை மட்டும் கிள்ளவே கூடாது, நடுக்கொண்டை போய்விடும்.

மார்ச் 23
மொட்டு தெரிகிறது. இதுவரை தழை, மணி, சாம்பல் சத்துகள் (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாஷ்) சமமாக உள்ள 19:19:19 உரம், லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம், வாரம் ஒருமுறை. இனி சாம்பல்சத்து மிகுந்த 13:0:45, அதே அளவு. காய்ந்த மண்ணில் உரநீர் ஊற்றினால் வேர் கருகும். முதலில் வெறும் தண்ணீர். இலை கரும்பச்சையாகத் தழைத்து மொட்டே வரவில்லை என்றால் தழைச்சத்து அதிகம், அல்லது வெயில் போதவில்லை. ஆறு மணி நேர நேரடி வெயில் இல்லாத பால்கனியில் இந்த மூன்றும் வேண்டாம்.

ஏப்ரல் 6
வாடிய பூ எடுக்கும் வேலை. இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பெட்டூனியாவின் வாடிய இதழை இழுத்தால் கையோடு வந்துவிடும். ஆனால் பச்சைப் புல்லிக்குள் சூலகம் அப்படியே நிற்கும். பார்க்கச் சுத்தமாக இருந்தாலும் விதை உள்ளே முற்றிக்கொண்டுதான் இருக்கும், பூப்பும் குறையும். காம்போடு கிள்ள வேண்டும். செண்டுமல்லியில் பூவுக்கு அடியில் உப்பியிருக்கும் பச்சைக் கிண்ணத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும். ஜினியாவை அடுத்த இலை ஜோடி வரை இறக்கி வெட்டலாம்.

ஏப்ரல் 20
ஜினியாவின் கீழ் இலைகளில் வெள்ளைப் பொடி: சாம்பல் நோய். நெருக்கம், காற்றோட்டக் குறைவு. அந்த இலைகளைக் கிள்ளி, தொட்டிகளுக்கு நடுவே ஒரு சாண் இடம் விட்டாயிற்று. செண்டுமல்லி இலையில் வெளிர் புள்ளியும் அடியில் மெல்லிய வலையும் இருந்தால் சிவப்புச் சிலந்தி. இலையின் அடிப்புறத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்க வேண்டும்.

மே 11
ஒவ்வொன்றிலும் நல்ல செடி ஒன்றில் பூவைக் கிள்ளாமல் விட்டாயிற்று. ஜினியா தலை பழுப்பாகி, காம்பு காய்ந்ததும் பறித்து, நிழலில் ஒரு வாரம் உலர்த்திக் காகித உறையில் போட வேண்டும். உறைமேல் பெயரும் தேதியும். எஃப்1 வீரிய ஒட்டு ரகத்தில் (இரண்டு ரகங்களைக் கலந்து எடுத்த முதல் தலைமுறை) விதை எடுத்தால் அடுத்த தலைமுறையில் நிறமும் உயரமும் கலந்து வரும். ஒரே நிறத்தில் தொட்டி வரிசை வேண்டுமென்றால் அதற்குப் புது விதைதான்.