வாப்பா கொண்டுவந்த தாள்

16 ஜூன் 2023
எல்லா மதத்துக்கும் கல்யாணம், சொத்துக்கு ஒரே சட்டம் என்கிற பொது சிவில் சட்டத்துக்குக் கருத்துக் கேட்கிறதாம் சட்ட ஆணையம். முப்பது நாள் கெடு. ஜும்ஆ முடிந்து வாப்பா அதை எதிர்க்கும் ஒரு கட்டுத் தாளோடு வந்தார். எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும்.

18 ஜூன்
போடவில்லை.

28 ஜூன்
நேற்று போபாலில் பிரதமர் பொது சிவில் சட்டத்தை ஆதரித்துப் பேசியதைக் கேட்டுவிட்டு என்னவள் போன் செய்தாள். "ஒரே சட்டம் வந்தா உனக்கு நல்லதுதானேடி?" சுருக்கென்றது. ஒரே பாலினத் திருமணம் இந்தியக் குடும்ப முறைக்கு ஒத்துவராது என்று மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது இதே ஒன்றிய அரசுதானே? முஸ்லிம் உலமாக்களின் அமைப்பான ஜமீஅத் உலமாயே ஹிந்தும் அந்த வழக்கில் எதிர்த்து மனுப் போட்டது. எதிலும் ஒத்துப்போகாதவர்கள் என் விஷயத்தில் மட்டும் ஒரே ஸஃப்பில், ஒரே தொழுகை வரிசையில் நிற்கிறார்கள்.

29 ஜூன்
பெருநாள். ராத்தா மறுபடியும் அந்த சவுதி மாப்பிள்ளை பேச்சு. பிரியாணி நன்றாயிருந்தது.

3 ஜூலை
கையெழுத்துப் போட்டுவிட்டேன். வாப்பாவுக்காக இல்லை. எங்கள் நிக்காஹ் எப்படி நடக்க வேண்டும் என்று டெல்லி சொல்வதில் எனக்கும் சம்மதமில்லை. ஆனால் போட்டதிலிருந்து தூக்கமில்லை. எங்கள் திருமணத்துக்கும் சொத்துக்குமான 1937 ஷரீஅத் சட்டத்தைக் காப்பாற்றுங்கள் என்று எழுதிக்கொடுத்திருக்கிறேன். அதற்குள் எனக்கு இடம் எங்கே? மதங்களின் தனியார் சட்டங்களுக்குள் போகமாட்டோம் என்று ஒரே பாலினத் திருமண வழக்கின் நீதிபதிகள் ஏப்ரலிலேயே சொல்லிவிட்டார்கள். வழக்கில் மிச்சம் மதம் பார்க்காத சிறப்புத் திருமணச் சட்டம்தான். அதில் கிடைத்தாலும் முப்பது நாள் பெயர் நோட்டீஸ் போர்டில் தொங்கும். மறுநாளே வாப்பாவுக்குத் தெரிந்துவிடும்.

வெளியே பேசினால் எங்கள் ஜனத்தை ஏச அதையே எடுத்துக்கொள்வார்கள். உள்ளே பேசினால், "இப்ப இதைப் பேசுற நேரமா?" சரி, எப்பதான் நேரம்? மோடி போன பிறகா?

14 ஜூலை
கெடு 28 வரை நீட்டிப்பு. முதல்வர் ஸ்டாலினும் எதிர்த்துக் கடிதம் எழுதிவிட்டார். வாப்பா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்கும்தான், பொய் சொல்லவில்லை.

17 அக்டோபர்
ஒரே பாலினத் திருமண வழக்கில் தீர்ப்பு. திருமணம் அடிப்படை உரிமை இல்லை: ஐந்து நீதிபதிகளும். சேர்ந்து வாழ்வதற்குச் சட்ட அங்கீகாரம்: மூன்றுக்கு இரண்டில் போச்சு. அவள் போனை எடுக்கவில்லை.

18 அக்டோபர்
இன்னும் எடுக்கவில்லை.

7 பிப்ரவரி 2024
உத்தராகண்டில் பொது சிவில் சட்டம் நிறைவேறிவிட்டது. மசோதாவைத் தேடிப் படித்தேன். திருமணமா, ஆணும் பெண்ணும். சேர்ந்து வாழ்வதா, அதுவும் ஆணும் பெண்ணும். பதிவு செய்யாவிட்டால் ஜெயில். பழங்குடிகளுக்கு விலக்கு உண்டு. எங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்தப் பக்கத்தை அவளுக்கு அனுப்பி, "இதுதான் அந்த ஒரே சட்டம்" என்று எழுதினேன். பார்த்துவிட்டாள், பதில் இல்லை.

மாப்பிள்ளை வீட்டார் வெள்ளிக்கிழமை வருகிறார்களாம்.