பரம்பிக்குளம், பிப்ரவரி

பிப்ரவரி 3, செவ்வாய்

என் டெஸ்ட் ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை வருமாம். அதைக் கேட்டதும் அக்கா பரம்பிக்குளத்தில் இடம் போட்டுவிட்டாள். அதுவும் வீட்டிக்குன்னு தீவில். "வீட்ல உக்காந்து போனையே பாத்துட்டு இருக்க வேண்டாம்" என்கிறாள். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. டாக்டர் நடக்கச் சொன்னது கொழிஞ்சாம்பாறை கடைவீதி வரைக்கும்தானாம், காட்டுக்குள் அல்லவாம்.

பிப்ரவரி 4, புதன்

மாத்திரை, தொப்பி, பைனாகுலர். தூக்கம் வரவில்லை.

பிப்ரவரி 5, வியாழன்

காடு கேரளத்தில் இருக்கிறது, பாதை தமிழ்நாட்டு வழியாகத்தான். கோபாலபுரம், பொள்ளாச்சி, ஆனைமலை. சேத்துமடையில் ஒரு செக்போஸ்ட், டாப்ஸ்லிப் தாண்டி ஆனப்பாடியில் இன்னொன்று. அதற்கு முன்பே என் போனில் டவர் போய்விட்டது. மாமாவிடம் சொல்லியிருக்கிறேன்: ரிப்போர்ட்டை அவரே வாங்கட்டும், அவரே படிக்கட்டும்.

தீவுக்குத் தெப்பத்தில் போனோம். அணையில் தண்ணீர் ஏறியபோது மூழ்காமல் தப்பிய குன்றின் தலைதான் இந்தத் தீவு. கரையோரம் நீர் இறங்கி செம்மண் வளையமாகத் தெரிகிறது. பட்டுப்போன ஒரு மரத்தின் நுனியில் பாம்புத்தாரா இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தது. தெப்பம் பக்கத்தில் போகும் வரை கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தது.

சின்ன வயதிலிருந்து வீட்டில் இந்தத் தண்ணீரைப் பற்றித்தான் பேச்சு. மணக்கடவு தடுப்பணையில் வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்கு வர வேண்டும், வந்ததா இல்லையா என்று அப்பா தினமும் பேப்பரில் தேடுவார். அவர் இந்த அணையைப் பார்த்ததே இல்லை. கொஞ்ச நேரம் தண்ணீரில் கை வைத்தபடியே வந்தேன். முதலை உண்டு, கையை எடுங்கள் என்று துடுப்பு போட்டவர் சத்தம் போட்டார்.

ஆபீஸ் பக்கம் போனால் வாட்சர் அண்ணனின் போனில் டவர் எடுக்குமாம். கேட்டால் கொடுப்பார். கேட்கவில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

விடிந்ததும் அக்கரைக்குப் போய் நடை. வாட்சர் அண்ணன் முன்னால், நான் நடுவில், அக்கா பின்னால். மேடு வரும்போதெல்லாம் அவர் நின்று எதையாவது காட்டினார். யானைப் பிண்டம், கரடி நகம் போட்ட மரம், காட்டெருமைத் தடம். எனக்கு மூச்சு வாங்குவது தெரிந்துதான் நின்றார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நல்ல மனுஷன்.

இருவாச்சிப் பறவையின் பொந்து. தூரத்தில் புதருக்குப் பின்னால் உட்கார வைத்தார். நேற்று வந்த கூட்டம் மரத்தடிக்கே போய் செல்பி எடுக்கணும் என்றார்களாம், கூட்டிப்போக மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். அப்படித்தான் சொல்ல வேண்டும்.

பெட்டை உள்ளே போய்ச் சில வாரம் ஆகிறது. தன் எச்சத்தையும் பழச்சக்கையையும் குழைத்து வாசலை அடைத்துக்கொண்டு, ஒரு கீறல் மட்டும் விட்டு வைத்திருக்கிறது. உள்ளே இருக்கும்போது அதன் இறக்கைச் சிறகுகள் உதிர்ந்துவிடும். பறக்க முடியாது. முட்டை பொரிய ஏறக்குறைய 40 நாள். அப்புறமும் குஞ்சு கொஞ்சம் வளர்ந்த பிறகுதான் பெட்டை வெளியே வரும். தாய் வெளியே வந்ததும் குஞ்சு தானே வாசலைத் திரும்ப அடைத்துக்கொள்ளுமாம். இதைக் கேட்டு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எட்டே முக்காலுக்கு ஆண் வந்தது. முதலில் சத்தம்தான். இறக்கை காற்றைக் கிழிக்கும் சத்தம், ரயில் வருகிற மாதிரி. பைனாகுலரில் சிவப்புக் கண் நன்றாகத் தெரிந்தது. தொண்டை ஒரு தரம் குலுங்கும், அலகு நுனிக்கு ஒரு அத்திப்பழம் வரும், தலையைச் சாய்த்துக் கீறலுக்குள் நீட்டும். மறுபடி குலுங்கும், இன்னொரு பழம். உள்ளிருந்து பெட்டையின் அலகு நுனி மட்டும் வந்து வாங்கிக்கொண்டு போனது. ஒரு பழம் நழுவிக் கீழே விழுந்தது. ஆண் குனிந்து பார்த்தது. பிறகு பறந்துவிட்டது.

அப்புறம் வரவில்லை. பத்து, பத்தரை, பதினொன்று. இதற்கு ஏதாவது ஆகிவிட்டால் உள்ளே இருப்பதற்கு யார் கொண்டுவருவார்கள்? கேட்டேவிட்டேன். "வரும் சேச்சி. அத்தி எங்க பழுத்திருக்கோ அங்க போயிட்டு வரணுமில்ல" என்றார். வாழச்சால் பக்கம் காடர் பழங்குடியினரே கூடுகளைப் பார்த்துக் காவல் இருக்கிறார்கள் என்றும் சொன்னார். அவரும் காடர்தான். பொந்தில் கை வைத்துக் குஞ்சை எடுத்த காலமும் உண்டு என்பதைக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

நாங்கள் கிளம்பும் வரை வரவில்லை.

அதே நாள், இரவு

வந்திருக்குமா?

பிப்ரவரி 7, சனி

சேத்துமடையில் டவர். மாமாவின் அழைப்பு வரிசையாக இருந்தது. அக்கா டீக்கடை ஓரமாகப் போய்ப் பேசினாள். நான் காரிலேயே இருந்தேன். கணுக்காலில் ஒரு உண்ணி கடித்துக்கொண்டிருப்பதை அப்போதுதான் கவனித்தேன். தோலை ஒட்டிப் பிடித்து நேராக மெதுவாக இழுத்து எடுத்தேன்.

உறுதியாகச் சொல்ல முடியவில்லையாம். மறுபடி ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டுமாம். செவ்வாய்க்கிழமை.

பிப்ரவரி 8, ஞாயிறு

இனி யாரும் என்னிடம் "ஒண்ணும் இருக்காது" என்று சொல்ல வேண்டாம். அம்மாவும் சொல்ல வேண்டாம். அவர்களுக்கு எப்படித் தெரியும்? நான் அந்த மேட்டில் ஏறினேன். யார் கையையும் பிடிக்காமல் ஏறி இறங்கினேன். வேண்டுமானால் அதைச் சொல்லட்டும்.

பிப்ரவரி 9, திங்கள்

அக்கா வாட்சர் அண்ணனிடம் பேசினாள். எங்களை விட்டுவிட்டு அவர் திரும்பப் போய்ப் பார்த்தாராம். ரெண்டு மணிக்கு மேல் வந்ததாம். இன்று காலையும் வந்ததாம். என்ன பழம் கொண்டுவந்தது என்று அக்கா கேட்கவில்லை. நாளை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் நானே கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.