நிலவியல் படிக்க வந்தவர்களுக்கு: பெயர் சொல்லும் அவசரம் வேண்டாம்

நிலவியல் பட்டப்படிப்பில் சேரும் பலர் முதல் ஆண்டில் திணறுவதற்குக் காரணம் பாடம் கடினம் என்பதல்ல. பள்ளியில் சரியான பெயரைச் சொன்னால் மதிப்பெண் கிடைத்துவிடும். இங்கே கையில் ஒரு கல்லைக் கொடுத்து, "என்ன தெரிகிறது?" என்று கேட்கிறார்கள். "கிரானைட்" என்று சட்டென்று சொன்னால் அடுத்த கேள்வி, "எப்படித் தெரியும்?" அங்கேதான் வாய் அடைத்துப்போகும்.

நான் படித்த காலத்திலும், பிறகு இளைய மாணவர்களுக்கு ஆய்வக வகுப்புகளில் உதவியபோதும் கவனித்தது ஒன்று உண்டு. பெயரைக் கடைசி வரியில் எழுதும் பழக்கம் வந்தவர்களுக்கு மற்ற எல்லாம் தானாகக் கூடி வந்தது. நுண்ணோக்கி, களப்பணி, வரைபடம் மூன்றுக்கும் அடிப்படை இந்தப் பழக்கம்தான்.

முதலில் கைமாதிரி. உடைத்த புதுப் பரப்பைப் பாருங்கள். வெயிலும் மழையும் பட்ட வெளித்தோல் ஏமாற்றும். நிறத்தையும் அதிகம் நம்ப வேண்டாம். குவார்ட்ஸ் நிறமில்லாமலும் இருக்கும், ஊதாவாகவும் இருக்கும், புகைக் கறுப்பாகவும் இருக்கும். கல்லை விளக்கு வெளிச்சத்தில் மெல்லத் திருப்பினால் ஃபெல்ஸ்பாரின் பிளவுத் தளம் (கனிமம் சீராகப் பிளக்கும் தட்டையான பரப்பு) ஒரு கோணத்தில் பளிச்சென்று மின்னும். குவார்ட்ஸுக்கு அப்படித் தெளிவான பிளவு கிடையாது, உடைந்த கண்ணாடி போல வளைந்து உடைந்திருக்கும். இரண்டு கறுப்புக் கனிமங்கள் குழப்பினால் பிளவுகள் சந்திக்கும் கோணத்தைத் தேடுங்கள்: பைராக்ஸீனில் கிட்டத்தட்ட 90 பாகை, ஆம்ஃபிபோலில் 56, 124 பாகை. ஹேமடைட் கறுத்துப் பளபளத்தாலும் செம்மண் போல இருந்தாலும் பீங்கான் தட்டில் உரசினால் விழும் கோடு செம்பழுப்புதான்.

கடினத்தன்மை பார்க்கும்போது ஒரு சின்ன விஷயம். குவார்ட்ஸை எஃகுக் கத்தியால் கீறினால் அதன்மேல் ஒரு கோடு விழுந்த மாதிரி தெரியும். விரலால் துடைத்துப் பாருங்கள், கோடு அழிந்துவிட்டால் கீறப்பட்டது கல்லல்ல, கத்தி. கடினத்தன்மையை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவில் குவார்ட்ஸ் 7, கத்தி ஏறத்தாழ 5.5. கால்சைட் வெறும் 3 என்பதால் அதில் உண்மையான கீறல் விழும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் கால்சைட் உடனே நுரைக்கும். டோலமைட்டைப் பொடியாகச் சுரண்டிய பிறகு விட்டால்தான் மெல்ல நுரைக்கும்.

இப்போது நுண்ணோக்கி. பலருக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருப்பது இங்கேதான். பாறையை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டியிருப்பார்கள். மேல் போலரைசரை (ஒளியை ஒரே தளத்தில் அதிரவிடும் வடிகட்டி) செருகியதும் வண்ணங்கள் கொட்டும். அழகில் மயங்காமல் முதலில் குவார்ட்ஸைத் தேடிப்பிடியுங்கள். சரியான தடிமனில் அது சாம்பல், வெள்ளை நிறங்களில் இருக்கும். நல்ல மஞ்சளாகத் தெரிந்தால் தகடு தடிமன். அப்படியென்றால் மிஷெல்-லெவி அட்டவணையோடு (கனிமத்தை அடையாளம் காண உதவும் வண்ண அட்டவணை) நீங்கள் ஒப்பிடும் மற்ற நிறங்களும் இருக்க வேண்டியதைவிட உயர்ந்த இடத்தில்தான் தெரியும். ஃபெல்ஸ்பார் வகையான பிளேஜியோகிளேஸில் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் மாறி மாறி வரும். இன்னொரு ஃபெல்ஸ்பாரான மைக்ரோக்ளினில் அதே பட்டைகள் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்டிருக்கும்.

பார்த்ததை வரையுங்கள். ஓவியத் திறமையெல்லாம் தேவையில்லை. முழு வட்டத்தையும் நிரப்ப வேண்டியதும் இல்லை. நான்கைந்து துகள்களும் அவை ஒன்றையொன்று தொடும் விளிம்புகளும் போதும். ஒரு ஒலிவின் படிகத்தைச் சுற்றி பைராக்ஸீன் வளர்ந்திருந்தால் ஒலிவின் முதலில் உருவானது என்று ஊகிக்கலாம். பென்சில் அந்த விளிம்பின் மேல் போகும்போதுதான் இந்தக் கேள்வியே மனதில் வரும். கைபேசியில் படம் எடுத்தால் வராது. போவன் வரிசையை (பாறைக்குழம்பு குளிரும்போது கனிமங்கள் உருவாகும் வரிசை) மனப்பாடம் செய்வதைவிட இப்படி ஒரு பாறையில் பார்த்துவிட்டால் மறக்காது.

களத்திலும் இதே கதைதான். குறிப்பேட்டின் ஒரு பக்கத்தில் கண்ணால் கண்டது, எதிர்ப்பக்கத்தில் நீங்கள் நினைப்பது என்று பிரித்து எழுதுங்கள். "5 சென்டிமீட்டர் தடிமன் அடுக்குகள், துகள்கள் மேலே போகப் போகச் சிறுக்கின்றன" என்பது முதல் பக்கத்துக்கு. "கடலடிச் சேற்று ஓட்டம்" எதிர்ப்பக்கத்துக்கு. மாலையில் விளக்கம் தவறு என்று தெரிந்தாலும் முதல் பக்கம் அப்படியே பயன்படும். படம் வரைந்தால் அளவும் திசையும் கட்டாயம். ஸ்ட்ரைக் (சாய்ந்த அடுக்கின் மேல் கிடையாக ஓடும் கோட்டின் திசை), டிப் (அடுக்கின் சாய்வு) அளக்கும்போது சுத்தியலைத் தள்ளி வையுங்கள், காந்த ஊசி இழுபடும். பேனா வேண்டாம், பென்சில். ஒரு சுத்தியலை இன்னொரு சுத்தியலால் அடிக்கவே கூடாது, எஃகுச் சில்லு கண்ணுக்குத் தெறிக்கும்.

நிகழ்வுகளை வரிசைப்படுத்திப் பழக சிக்கார் பாயிண்ட் படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்தில் 1788-இல் நிலவியலாளர் ஜேம்ஸ் ஹட்டன் பார்த்த கடற்கரை. கிட்டத்தட்ட செங்குத்தாக நிற்கும் சிலூரியன் காலத்து அடுக்குகள், அவற்றின் அரித்த முனைகளுக்கு மேல் சற்றே சாய்ந்த, அதற்குப் பிந்திய டெவோனியன் காலத்துச் செந்நிற மணற்கல். படிந்தது, மடிந்து நிமிர்ந்தது, உயர்ந்து அரிக்கப்பட்டது, மறுபடி படிந்தது, கடைசியாக எல்லாம் சேர்ந்து சாய்ந்தது. விடையைப் பார்க்காமல் இந்த ஐந்தையும் நீங்களே சொல்லிப் பாருங்கள். தேர்வில் வரும் குறுக்குவெட்டுக் கேள்விகள் பெரும்பாலும் இதே வகைதான்.

நிலவியல் வரைபடத் தேர்வுத் தாளுக்குத்தான் பலர் பயப்படுகிறார்கள். உண்மையில் மூன்று விதிகளில் பாதி வேலை முடிந்துவிடும்: கிடையான அடுக்கின் எல்லை சமஉயரக் கோட்டோடு ஓடும், செங்குத்தானது மேடு பள்ளம் பார்க்காமல் நேராக ஓடும், சாய்ந்தது பள்ளத்தாக்கைக் கடக்கும்போது பெரும்பாலும் சாயும் திசைக்குக் கூர்முனை நீட்டும். குறுக்குவெட்டு ஸ்ட்ரைக்குக்குச் செங்குத்தாக இல்லையென்றால் உண்மையான சாய்வைப் போடக்கூடாது. 30 பாகை சாய்ந்த அடுக்கு, ஸ்ட்ரைக்குக்கு 45 பாகையில் போகும் வெட்டில் சுமார் 22 பாகையாகத்தான் தெரியும். செங்குத்து அளவையும் கிடை அளவையும் ஒன்றாக வையுங்கள், இல்லையென்றால் எல்லாச் சாய்வும் பொய்.

கணக்குக்கு பயந்து இந்தப் பக்கம் வந்தவர்கள் உண்டு. சரி, கொஞ்சம் ஏமாற்றம்தான். முக்கோணவியலும் மடக்கையும் விடாது. ரூபிடியம்-ஸ்ட்ரான்ஷியம் முறையில் பாறையின் வயது காண்பது அடிப்படையில் ஒரு நேர்கோட்டின் சரிவைக் கண்டுபிடிப்பதுதான். நிலநடுக்க அளவில் ஒரு எண் கூடினால் அதிர்வின் வீச்சு 10 மடங்கு, ஆற்றல் சுமார் 32 மடங்கு.

நிலவியல் கால அட்டவணைக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். காலகட்டங்களின் வரிசையும், கேம்ப்ரியன் தொடக்கம் சுமார் 53.9 கோடி ஆண்டு முன்பு, பெர்மியன் முடிவு 25.2 கோடி, கிரெட்டேசியஸ் முடிவு 6.6 கோடி என்ற மூன்று எண்களும் போதும். மற்றவை புழங்கப் புழங்க வரும்.

செய்முறைத் தேர்வில் பெயர் வரவில்லை என்றால் அந்த மாதிரியிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள். பளபளப்பு, கடினத்தன்மை, பிளவு, துகள் அளவு எல்லாவற்றையும் எழுதிவிட்டு இரண்டு சாத்தியங்களைச் சொல்லி, எந்தச் சோதனை செய்தால் முடிவாகும் என்றும் எழுதுங்கள். விடைத்தாள் திருத்திய அனுபவத்தில் சொல்கிறேன், காரணமில்லாமல் வந்த சரியான பெயரைவிட இதற்குத்தான் கை தாராளமாகப் போகும். அப்புறம், இறுதியாண்டு மேப்பிங் (ஓர் இடத்தின் நிலவியல் வரைபடம் தயாரிக்கும்) திட்டத்துக்கு இடம் தேர்வு செய்யும்போது காட்சிக்கு ஆசைப்படாமல், பாறை நிறைய வெளியே தெரியும் இடமாகப் பாருங்கள். மண் மூடிய சமவெளியில் நாள் முழுக்க நடந்தாலும் குறிப்பேட்டில் எழுத ஒன்றும் கிடைக்காது.