மழைக்காலத்து பேட்டரிகள்

ரிமோட் கார்கள் பழுது பார்க்கும் மேசையில் உட்கார்ந்து பதினோரு வருடமாகிறது. மழைக்காலம் தொடங்கினால் உப்பிய லித்தியம் பாலிமர் பேட்டரிகள் என்னிடம் வந்துகொண்டே இருக்கும். நனைந்ததால் இல்லை, ஓட்டாமல் கிடந்ததால்.

சனிக்கிழமை ஓட்டலாம் என்று வெள்ளி இரவே முழுதாகச் சார்ஜ் ஏற்றுவார்கள். விடிந்தால் மழை. அடுத்த வாரமும் மழை. பேட்டரிக்குள் இருக்கும் ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட் நிறைந்தபடி, வீட்டுப் புழுக்கத்தில் வாரக்கணக்கில் பேட்டரி கிடக்கும். உள்ளே மின்பகுளி என்ற ரசாயனம் சிதைந்து வாயுவாகி, மெல்லிய உறையைத் தள்ளும். ஓட்டாத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்தால் போதும். சார்ஜரிலேயே அதற்கு ஒரு தேர்வு இருக்கிறது, யாரும் தொடுவதில்லை.

போன மாதம் பாலிடெக்னிக் படிக்கும் பையன் ஒருவன் வந்தான். "அண்ணா, லேசாத்தான் உப்பியிருக்கு. இன்னும் ஒரு மாசம் ஓடுமா?"

மூன்று செல், 11.1 வோல்ட் பேட்டரி. தட்டையாக இருக்க வேண்டிய பக்கம் பூரி போல எழும்பியிருந்தது. நகப்பூச்சு போல ஒரு இனிப்பு வாடை. மீட்டரை மாட்டினேன்: இரண்டு செல் 4.1, ஒன்று 3.4. ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனிக்க உதவும் பேலன்ஸ் வயரைச் செருகாமலே சார்ஜ் செய்திருக்கிறான். அப்படிச் செய்தால் சார்ஜர் மொத்தம் 12.6 வோல்ட் வரும்வரை ஏற்றும். தளர்ந்த செல் பின்தங்க, மற்ற இரண்டும் 4.2-ஐத் தாண்டிப் போகும். தீ அங்கேதான் தொடங்குகிறது.

பிளாஸ்டிக் குண்டு சுடும் ஏர்சாஃப்ட் விளையாட்டுத் துப்பாக்கிகள் பலவற்றிலும் இதே வகை பேட்டரிதான். வெளிநாட்டில் அவற்றை வைத்து விளையாடுகிறவர்கள் பேட்டரி பற்றி என்னிடம் கேட்பதுண்டு. அவர்களுக்குக் கவலை கூடுதல். குறுகலான இடத்தில் பேட்டரியைத் திணிப்பதால் வயர் நசுங்கும். கார்களில் பெரும்பாலும் வோல்ட் குறைந்தால் மோட்டாரே நின்றுவிடும். பல துப்பாக்கிகளில் அந்தக் காவல் இல்லை. சுடும் வேகம் தளர்ந்ததுமே கழற்றிவிடுங்கள், செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது என்பேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், 1300 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரிக்குச் சார்ஜரில் 1.3 ஆம்பியர் வைக்க வேண்டிய இடத்தில் 3 வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது பேட்டரி கொதித்துக்கொண்டிருந்தது. கடையின் மூத்த அண்ணன் இடுக்கியால் தூக்கி மணல் வாளியில் போட்டார். திட்டவில்லை. சார்ஜர் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "இனிமே இங்கதான் உக்காரணும்" என்றார்.

பையனிடம் வீட்டில் எங்கே சார்ஜ் செய்கிறாய் என்று கேட்டேன். வாசலில், செருப்பு அலமாரி மேல் என்றான்.

"அங்க தீப்பிடிச்சா அம்மா எந்த வழியா வெளிய வருவாங்க தம்பி?"

அவன் பேசவில்லை. உப்பிய பேட்டரியை நான் திருப்பித் தரவில்லை. புதியதை வாங்கியவன் கிளம்பாமல், மேசை ஓரத்திலேயே நின்று 3.8 வோல்ட் எப்படி வைப்பது என்று காட்டச் சொன்னான். வெளியே மழை பிடித்திருந்தது.